துப்பாக்கிக்கு ஓர் எதிரி தேவை

நம் நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஓர் எதிரி வேண்டும். எனக்கு எதிரி கிடையாது. அதனால் கைக்கு எட்டிய சொந்தக்காரர் ஒருவரை நானே எதிரியாகத் தயார் செய்தேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான் என்று என் மனைவி லெட்சுமி இன்றும் சொல்கிறாள். (நான் பல்பு மாற்றினால் ஃபியூஸ் போய்விடும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.)

எனக்குச் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு சின்னக் கமிஷன் கடை. பிச்சியும் மல்லிகையும் வாங்கிக் கேரளாவுக்கு ஏற்றிவிடுகிற தொழில். வீடு, குருவிகுளம் போகிற ரோட்டில் புதிதாகப் போட்ட பிளாட்டில். பக்கத்து வீடு நாயகம் அண்ணனுடையது. அவர் என் பெரியப்பா மகன். இருவரும் சேர்ந்தே இடம் வாங்கி, சேர்ந்தே வீடு கட்டி, நடுவில் ஒரே சுவரை வைத்துக்கொண்டோம்.

அண்ணனுக்குச் சிவகிரிப் பக்கம் மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம். மக்காச்சோளம் போடுவார். கதிர் பிடிக்கிற நேரத்தில் மலையிலிருந்து பன்றிக் கூட்டம் இறங்கும். அதற்காகப் பெரியப்பா காலத்திலிருந்தே பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று அவர்களிடம் உண்டு. அண்ணன் அதை வைத்து ஓர் எலியைக்கூடச் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், பன்றிகள் மலைக்குப் போய்விடும், இவரும் வீட்டுக்கு வந்துவிடுவார். இரு தரப்புக்கும் அதில் மனக்கசப்பே இருந்ததில்லை.

என் வீட்டுப் பக்கம் பாத்திரம் உருண்டால்கூட, அண்ணன் டார்ச் லைட்டோடு சுவரைத் தாண்டி வந்து, "யாருலே அங்கன?" என்று ஓர் அதட்டல் போடுவார். பூனையாக இருந்தாலும் அதே அதட்டல்தான். நான் லோடு ஏற்றப் போகிற நாள்களில் லெட்சுமியும் மகளும் பயமில்லாமல் தூங்கியது அந்தக் குரலை நம்பித்தான். லைசென்ஸ் இல்லாமல் இலவசமாகக் கிடைத்த பாதுகாப்பு என்பதால் நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு இன்னொரு பழக்கம். பிரியத்தை மிரட்டலாகத்தான் காட்டத் தெரியும். அவர் வீட்டுக்குப் போய்விட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால், "ஏலே, ஒரு வாய் திங்காம வாசலைத் தாண்டினே, கொன்னுபோடுவேன்" என்பார். காய்ச்சலோடு கடைக்குப் போனால் கொன்னுபோடுவார். மகள் முதல் மார்க் வாங்கியதைச் சொல்ல மறந்தாலும் கொன்னுபோடுவார். இந்தக் கணக்கில் நான் சிறு வயதிலிருந்து பல நூறு முறை செத்திருக்கிறேன்.

இதில் எனக்கு என்ன குறை என்று கேட்கலாம். பொறாமைதான், வேறென்ன? ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அண்ணன் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்து, என்னைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். ஸ்டேஷனில் ஏட்டையா எழுந்து நின்றார். "வாங்க அண்ணாச்சி, இந்த வருசம் பன்னி எப்படி?" என்று விசாரித்தார். நாற்காலி வந்தது, டீ வந்தது. போர்வையைச் சுமந்து வந்த என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"தம்பி" என்றேன்.

"அப்படி ஓரமா நில்லுங்க" என்றார்.

அந்த ஓரத்தில் நின்றபோதுதான் எனக்குள் அந்தக் கிருமி புகுந்தது. தினமும் விடிவதற்கு முன் எழுந்து, பனியில் நனைந்து, ஊருக்கே பூ அனுப்புகிறவன் நான். எனக்கு நாற்காலி இல்லை. பன்றி விரட்டுகிறவருக்கு டீ.

சில மாதங்களில் அடுத்த தெருவில் பூட்டிய வீட்டில் திருட்டு நடந்தது. எங்கள் பிளாட்காரர்களின் வாட்ஸப் குழு கொதித்தது. ஒருவர் நாய் வாங்கச் சொன்னார். ஒருவர் கேமரா. ஒரு ரிட்டையர்டு வாத்தியார் மிளகாய்ப்பொடி. (அவர் எதற்கெடுத்தாலும் அதையேதான் பரிந்துரைப்பார், காய்ச்சலுக்கும்கூட.) நான் மட்டும், "வசூல் பணம் வீட்டில் தங்குகிறது, துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று போட்டேன். உடனே கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

லெட்சுமி செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு எதுக்கு துப்பாக்கி? கரப்பான்பூச்சி பறந்தா என்னைல்லா கூப்பிடுதிய?"

"இது வீட்டுப் பாதுகாப்பு. உனக்குப் புரியாது."

"பாதுகாப்புக்குத்தான் பக்கத்துல அத்தான் இருக்காகள்ளா?" என்றாள். அவள் நாயகம் அண்ணனை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. அவர் துப்பாக்கி, அவர் டார்ச், அவர் அதட்டல். என் மனைவியும் அவர் கட்சி!

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற மந்திரமூர்த்தியிடம் போனேன். அவருக்குச் சட்டத்தில் தெரியாதது கிடையாது என்று அவரே சொல்வார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வே, இது என்ன ரேஷன் கார்டா? வீடு இருக்குன்னு சொன்னா குடுக்கதுக்கு?" என்றார். "கலெக்டருக்கு மனு போகும், அங்கன இருந்து போலீஸுக்கு வரும், தாசில்தாருக்கு வரும். எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க. உம்ம உசுருக்கு யாரால ஆபத்து?"

"திருடனால."

"திருடன் ஊருக்கே பொது. உமக்குன்னு தனியா யாரு இருக்கா?"

யோசித்தேன். ஒருவரும் இல்லை. அன்றுவரை அது ஒரு நல்ல விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மனுப் போட்டேன். விசாரணை தொடங்கியது. ஒரு போலீஸ்காரர் வந்து அக்கம்பக்கத்தில் என் நடத்தை எப்படி, எனக்கு ஆபத்து உண்டா என்று கேட்டார். ஜன்னலோரம் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர், "அவரா? தங்கமான மனுசன். அவரை யாரு சார் கொல்லப் போறா? கொன்னு என்ன பிரயோசனம்?" என்றார். மிளகாய்ப்பொடி வாத்தியார், "அவர் கையில துப்பாக்கியைக் குடுத்தா எங்களுக்குத்தான் சார் ஆபத்து" என்றார். நாயகம் அண்ணன்தான் எனக்காகப் பேசினார். "பயந்த பய சார். ஆனா நல்ல பய. குடுக்க முடிஞ்சா குடுங்க. எப்படிப் பிடிக்கதுன்னு நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்."

அந்தச் சிபாரிசுக்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். 'பயந்த பய' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் நேரில் கூப்பிட்டார். வெளியூர்க்காரர், நிதானமான மனிதர். "திருடன் வந்தா சுட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் ஆர்வமாகத் தலையாட்டினேன். "அப்படி இல்லீங்க. உங்க மோட்டாரைத் தூக்கிட்டு ஓடறவனைச் சுட்டா, கோர்ட்ல நீங்கதான் பதில் சொல்லணும். உயிருக்கு ஆபத்து இருந்துச்சு, வேற வழியே இல்லைன்னு காட்டணும். சட்டம் தற்காப்புக்கு இடம் கொடுக்குது, கோபத்துக்குக் கொடுக்கல" என்றார். அத்தனை தெளிவாக எனக்கு யாரும் அறிவுரை சொன்னதில்லை. அத்தனை வேகமாக நான் எதையும் மறந்ததும் இல்லை.

"சரி, உங்களுக்குத் தனிப்பட்ட மிரட்டல் ஏதாவது உண்டா? இல்லைன்னா சிபாரிசு பண்ண முடியாது" என்று பேனாவை மூடப் போனார்.

பேனா மூடி விழுவதற்குள் என் வாய் திறந்துவிட்டது. "உண்டு சார். பக்கத்து வீட்டுக்காரர். சுவர் விஷயமா ஒரு மனத்தாங்கல். 'கொன்னுபோடுவேன்'னு சொன்னாரு. துப்பாக்கி வேற வச்சிருக்காரு."

சுவர் விஷயம் என்பது ஒரு முருங்கை மரம். அவர் பக்கம் நின்றது. பூ என் பக்கம் கொட்டியது. ஒருநாள் நான் கிளையை வெட்டப் போனபோது, "தொட்டே, கொன்னுபோடுவேன்" என்றார். சாயங்காலம் அதே கிளையில் பறித்த காயைப் போட்டு அண்ணன் மனைவி, என் மதினி, சாம்பார் வைத்து அனுப்பினாள். நானும் சாப்பிட்டேன். இன்ஸ்பெக்டரிடம் சாம்பாரைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் பேனாவை மறுபடி திறந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். ஒருவழியாக எனக்கும் ஓர் எதிரி கிடைத்துவிட்டார்.

அடுத்து வந்தது லைசென்ஸ் இல்லை, சம்மன். பக்கத்துப் பக்கத்து வீட்டில் கொலை மிரட்டல், ஒருவரிடம் துப்பாக்கி, இன்னொருவர் துப்பாக்கி கேட்கிறார் என்றால் போலீஸ் சும்மா இருக்குமா? அமைதி கெடாமலிருக்க இருவரிடமும் பிணை எழுதி வாங்க வேண்டும் என்று கோட்டாட்சியரான ஆர்டிஓவுக்கு எழுதிவிட்டார்கள். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். "சார், மிரட்டினது அவரு. எனக்கு எதுக்கு சம்மன்?"

"ஒரு கை தட்டினா ஓசை வருமா? ரெண்டு பேரும் வந்து சொல்லுங்க" என்றார் ஏட்டையா. அன்றைக்கும் எனக்கு நாற்காலி போடவில்லை.

அண்ணன் அந்தச் சம்மனை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். "ஏலே, இதுல உன் பேரும் என் பேரும் போட்டிருக்கு. யாரோ பொய்ப் பெட்டிசன் போட்டிருக்கான். யாருன்னு தெரிஞ்சா அவனைக் கொன்னுபோடுவேன்" என்றார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். வெகு நேரம் குடித்தேன்.

ஆர்டிஓ முன்னால்தான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. அதிகாரி என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "கொன்னுபோடுவேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அண்ணனுக்குப் பொய் வராது. "சொன்னேன் சார்."

"எதுக்குச் சொன்னீங்க?"

"எப்பச் சொன்னதைக் கேக்கியன்னு தெரியலயே சார். சாப்பிடாமக் கிளம்பினா சொல்லுவேன். மருந்து வாங்காம இருந்தா சொல்லுவேன். இவனுக்குத் தெரியும். கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'விளையாட்டுக்குச் சொன்னது சார், என் புத்தி கெட்டுப் போச்சு' என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் லைசென்ஸ் கண்ணுக்குத் தெரிந்தது. "ஒருநாள் ரெண்டுநாள் இல்ல சார், அடிக்கடி சொல்லுவாரு" என்றேன். அது பச்சை உண்மை. அந்த உண்மையைப் போலக் கேடு கெட்ட பொய்யை நான் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இருவரும் ஓராண்டுக்கு அமைதியாக இருப்போம் என்று பிணை எழுதிக் கொடுக்க வேண்டும், ஜாமீனுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் இருவருக்கும் சொந்தக்காரர்கள் ஒரே ஆள்கள்தானே? மேலநீலிதநல்லூர் மாமாதான் வந்து, முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் கையெழுத்துப் போட்டார். "நீ அவனைக் கொல்ல மாட்டேன்னும் நான்தான் போடணும், அவன் உன்னைக் கொல்ல மாட்டான்னும் நான்தான் போடணுமா? உங்க ரெண்டு பேரையும் நானே கொன்னா யாருவே எனக்குப் போடுவா?" என்று படியிறங்கும்போது கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் என் மனு திரும்பி வந்தது. அமைதி காப்பதாகப் பிணை கொடுத்தவர், அந்தக் காலம் முடியும்வரை ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ சட்டத்தில் இடமில்லை. எதிரி இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. எதிரி இருந்தால் பிணை. பிணை இருந்தால் லைசென்ஸ் இல்லை. (மந்திரமூர்த்தியிடம் போய்க் கேட்டதற்கு, "அது எனக்கு முதல்லயே தெரியும் வே, நீரு கேக்கலயே" என்றார்.)

அதே சட்டம் அண்ணனுக்கும் பொருந்தும். அவரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. தேர்தல் இல்லாத நாளில், பழைய போர்வையில் சுற்றி, தானே பைக்கில் குறுக்காக வைத்துக்கொண்டு போனார். நான் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். எங்கள் தெருவுக்கு ஒரு துப்பாக்கி கொண்டுவரக் கிளம்பியவன், இருந்த ஒன்றையும் வெளியேற்றி வைத்தேன்.

அந்த வருடம் மக்காச்சோளம் நன்றாகக் கதிர் பிடித்திருந்தது. அண்ணன் தகர டப்பாவைத் தட்டினார், சரவெடி போட்டார், சேலைகளைக் கட்டி வேலி வைத்தார். பன்றிகளுக்கு இரண்டே நாளில் விஷயம் விளங்கிவிட்டது. மதினி லெட்சுமியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "பன்னி தின்னது போக நமக்குத் தட்டைதான் மிச்சம். மாட்டுக்கு ஆச்சு." லெட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முருங்கை மரத்தில் காய் காய்த்துத் தொங்கியது. சாம்பார் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

எங்கள் ஊர் அம்பாள் தவமிருந்து சுவாமியின் காட்சி பெறுகிற ஆடித்தபசுத் திருவிழா வந்தது. அன்றைக்குச் சங்கரன்கோவிலில் வீட்டில் இருக்கிறவன் நோயாளியாக இருக்க வேண்டும், அல்லது திருடனாக இருக்க வேண்டும். சாயங்காலம் நானும் லெட்சுமியும் மகளும் காட்சி பார்க்கக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். விவசாயிகள் நேர்த்திக்கடனாகச் சூறைவிட்ட பருத்தியும் வற்றலும் தலைமேல் வந்து விழுந்தன. அப்போது போன் அடித்தது. பார்த்தால், நாயகம் அண்ணன்.

மாதக்கணக்கில் பேசாத மனிதர். எடுக்கலாமா என்று கை போனது. 'எதிர்த்தரப்போடு பேசாதேயும் வே, பேச்சைப் பதிவு பண்ணிக்கிடுவான்' என்று மந்திரமூர்த்தி சொல்லிவைத்தது ஞாபகம் வந்தது. வெட்டினேன். மறுபடி அடித்தது. மறுபடி வெட்டினேன். "யாரு?" என்றாள் லெட்சுமி. "கேரளா பார்ட்டி" என்றேன். கடைசியில் போனையே அணைத்துவிட்டேன். அம்பாளுக்குக் காட்சி கிடைத்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு ஒரு குறையும் வரக்கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் பூட்டு தரையில் கிடந்தது. பீரோ திறந்து கிடந்தது. லெட்சுமிக்கு அவள் அம்மா போட்ட வளையல்கள் போய்விட்டன. அவள் அம்மா அந்த வருடம்தான் இறந்திருந்தார். லெட்சுமி சத்தம் போட்டு அழவில்லை. பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடம் தபசுக்கே போகாமல் வீட்டில் இருந்துவிட்ட அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"ரெண்டு பேரு வந்தானுவ. கத்துனேன். கேலியா ஒரு சிரிப்பு சிரிச்சானுவ. தெருவுல ஒரு ஆளு இல்ல. உனக்கு அடிச்சேன்."

"சுவரைத் தாண்டி வந்திருக்கலாமே அண்ணே" என்று கேட்டேன். கேட்கிற வாயைப் பாருங்கள்.

"உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்னுல்லா எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார்.

பிணையில் அப்படி ஒரு வரியே கிடையாது. அது அவராகவே சேர்த்துக்கொண்டது.

"துப்பாக்கி இருந்தா வானத்தைப் பாத்து ஒரு வெடி போட்டிருப்பேன். ஓடியிருப்பானுவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போலீஸ் வந்தது. "யார்மேலயாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். ஆனால் எனக்கு எதிரி யார் என்று ஸ்டேஷனில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது, எழுத வைத்தவனும் நானே. முறைப்படி அவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை அண்ணன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏட்டையா தலைகுனிந்துகொண்டே, "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, கேக்கணும்லா" என்று சொல்லி டீ கொடுத்திருக்கிறார். அண்ணன் அந்த டீயைக் குடிக்கவில்லை. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். இந்த முறை என்னை யாரும் ஓரமாக நிற்கச் சொல்லவில்லை. நானாகத்தான் நின்றேன்.

பிறகு திருடர்கள் வேறோர் ஊரில் பிடிபட்டார்கள். வளையல்கள் வரவில்லை. ஓராண்டு கழிந்ததும் பிணை முடிந்தது. துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனுக் கொடுக்கலாம் என்று நானே போய்ச் சொன்னேன். "வேண்டாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு" என்றாள் மதினி. அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் மகள் காலேஜ் முடித்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை வந்துவிடும். அழைப்பிதழ் கொடுக்கக் கிளம்பும்போது, "எதிரி வீட்டுக்கு வச்சாச்சா?" என்பாள் மகள். பந்தியில் யாராவது எழுந்தால், மேலநீலிதநல்லூர் மாமா இலையைக் காட்டி, "பாயசம் குடிக்காம எந்திரிச்சே, கொன்னுபோடுவேன். யாருவே அங்கன, எழுதிக்கிடுங்க, நானே ஜாமீன்" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம்.

அண்ணனும் இப்போது பேசுகிறார். பொங்கலுக்கு நானும் அவர் வீட்டுக்குப் போகிறேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மதினி இலை போட்டுவிட்டாள். கடையில் லோடு நிற்கிறது, சாப்பிட நேரமில்லை என்று வேண்டுமென்றே சொன்னேன். செருப்பை மெதுவாக மாட்டினேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"சரி, போயிட்டு வாங்க" என்றார்.